மளிகைச் சீட்டு எழுதும்போதே தொடங்குங்கள்: மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்கும் சமையலறை

அப்பா பக்கவாதத்தில் படுத்த நான்காம் நாள், மருத்துவர் அம்மாவை அழைத்து உட்கார வைத்தார். "வீட்டில் மாதத்துக்கு எத்தனை கிலோ உப்பு வாங்குகிறீர்களம்மா?" என்று கேட்டார்.

"ஒன்றரைக் கிலோ ஆகும் சார்."

"எத்தனை பேர்?"

"நாலு பேர்."

கையில் இருந்த சீட்டின் பின்பக்கத்தில் அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேருக்கு 20 கிராம். முப்பது நாளைக்கு 600 கிராம். எங்கள் வீட்டில் அதைப்போல இரண்டரை மடங்கு போய்க்கொண்டிருந்தது. ஊறுகாயிலும் அப்பளத்திலும் வந்தது அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

அதுவரை உணவுக் கட்டுப்பாடு என்றால் தட்டில் வந்ததை வேண்டாம் என்று தள்ளும் மன உறுதி என்று நினைத்திருந்தேன். அப்பாவுக்காக வீட்டுச் சமையலைக் கையில் எடுத்த பிறகுதான், தட்டுக்கு வந்துவிட்டதை யாராலும் தள்ள முடியாது என்று புரிந்தது. முறுக்கு டப்பா அலமாரியில் இருந்தால் கை அங்கே போகத்தான் செய்யும். மளிகைச் சீட்டில் எழுதாமல் விட்டதை மட்டும்தான் உண்மையிலேயே சாப்பிடாமல் இருக்கிறோம். ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டவர்கள், புதிதாகச் சமையல் பொறுப்பை ஏற்றிருப்பவர்கள், விடுதியில் தங்கிக் கடையில் சாப்பிடுபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ரத்த அழுத்தம் கூடினால் தலை சுற்றும், மயக்கம் வரும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் எதுவுமே தெரியாது. அப்பாவுக்கும் தெரியவில்லை. 120/80 என்ற அளவை ஒட்டி இருப்பது நல்லது. திரும்பத் திரும்ப 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் அது உயர் ரத்த அழுத்தம். பக்கவாதத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை. முப்பது வயதைத் தாண்டிய எல்லோரும் ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பல ஊர்களில் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வந்த எண்ணைத் தேதியோடு நாட்காட்டியில் எழுதிவையுங்கள்.

52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, முதல் மாரடைப்புகளில் ஏறக்குறைய 90 சதவீதம் ஒன்பது காரணிகளோடு தொடர்புடையவை என்று காட்டியது. புகை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தொப்பை, மன அழுத்தம், உடலுழைப்பு இல்லாமை, மதுப் பழக்கம், தினமும் காய்கனி சாப்பிடாமை ஆகியவைதான் அவை. இவற்றில் பாதிக்கு மேல் சமையலறையைத் தொட்டுப் போகின்றன. "எங்கள் பரம்பரையே அப்படி" என்று கைவிட்டுவிடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இரண்டாம் படி: உப்பு பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்

செலவில்லாதது, உடனே பலன் தருவது இதுதான். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. குழாய்க்குள் ஓடும் ரத்தத்தின் அளவு கூடுகிறது, சுவரில் அழுத்தம் ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் அப்படி ஏறினால் மூளைக்குப் போகும் மெல்லிய குழாய்கள் தடித்து அடைபடும், அல்லது வெடிக்கும். இரண்டுமே பக்கவாதம்தான்.

புது உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேலேயே அன்றைய தேதியை எழுதுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் குறைந்தது ஐம்பது நாள் வர வேண்டும். காய் கழுவவும் மீன் அலசவும் வேறு டப்பாவில் தனி உப்பு வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கணக்குத் தப்பிவிடும்.

அடுத்தது உப்புக் கிண்ணம். காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன்பே அன்றைக்கான உப்பை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துவைத்துவிடுங்கள். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பு சுமார் 5 கிராம். நான்கு பேருக்கு நான்கு டீஸ்பூன்தான் மொத்த வரம்பு. பிஸ்கட், ரொட்டி, ஊறுகாய் வழியாக வருவதற்கு ஒன்றை ஒதுக்கிவிட்டு மூன்று டீஸ்பூன் எடுங்கள். இட்லி மாவுக்குப் போடுவதும் இதிலிருந்துதான் போக வேண்டும். கிண்ணம் காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான்.

முதல் நாளே மூன்று டீஸ்பூனுக்கு இறங்காதீர்கள். நாங்கள் அப்படிச் செய்து தோற்றோம். அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்திவிட்டார். இப்போது எவ்வளவு போகிறதோ அதிலிருந்து வாரத்துக்கு அரை டீஸ்பூன் குறைத்துக்கொண்டே வாருங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிக்கொள்ளும். ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சாம்பாரை வாயில் வைத்த அம்மா, "இது என்ன கடல் தண்ணீராக இருக்கிறது" என்று இலையின் ஓரம் ஒதுக்கினார். அந்தச் சாம்பார் எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

எங்கே குறைப்பது என்று தேட வேண்டியதில்லை. ஒரு காலை உணவைப் பாருங்கள். இட்லி மாவில் உப்பு, சாம்பாரில் உப்பு, சட்னியில் உப்பு, இட்லிப் பொடியில் உப்பு. ஒரே தட்டில் நான்கு தடவை. சட்னியில் உப்பைப் பாதியாக்கி எலுமிச்சைச் சாறு பிழியுங்கள், தெரியவே தெரியாது. வடிக்கும் சோற்றுக்கு உப்பு வேண்டாம். தயிர்ச் சோற்றுக்கு இஞ்சியும் கறிவேப்பிலையும் போதும். ரசத்தில் மிளகையும் சீரகத்தையும் அப்போதே தட்டிப் போட்டால் உப்புக் குறைவு உறைக்காது. புளிப்பும் காரமும் வாசனையும் இருக்கும் சமையல் நம்முடையது. உப்பை மட்டுமே நம்பியிருக்கும் நிலை நமக்கு இல்லை.

அப்பளம், வடகம், மோர் மிளகாய், ஊறுகாய், கருவாடு ஐந்தும் மளிகைச் சீட்டிலிருந்து போகட்டும். அப்பளத்தைச் சுட்டுச் சாப்பிட்டால் எண்ணெய் குறையும், உப்பு அப்படியே இருக்கும். கருவாட்டுக் குழம்பை முழுக்க விட முடியாதவர்கள் மாதம் ஒரு முறை வையுங்கள். கருவாட்டை நன்றாக ஊறவைத்துத் தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றி, குழம்புக்குத் தனியாக உப்புப் போடாமல் இறக்குங்கள்.

இந்துப்பு, கல் உப்பு என்று மாற்றினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். உண்மையில் வேறானது, சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த உப்பு. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் இந்த உப்பைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வெளியானது. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள் அல்லது அழுத்தம் உள்ள முதியவர்கள்தான் அதில் இருந்தார்கள். இந்த உப்புக்கு மாறியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இது ஆபத்து. சில அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் கூட்டும். மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

பாக்கெட் உணவு வாங்கும்போது உறையில் 'சோடியம்' என்று போட்டிருப்பதைப் பாருங்கள். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. உடனடி நூடுல்ஸ் பாக்கெட்டைத் திருப்பி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி: எண்ணெயை ஊற்றாதீர்கள், அளந்து எடுங்கள்

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படுபவருக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம் என்று சொல்லியிருக்கிறது. நான்கு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் வரும். அதற்கு மேல் சீட்டில் எழுதாதீர்கள். கேனைச் சாய்த்து வாணலியில் ஊற்றும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். எண்ணெய்த் தூக்கில் ஒரு டீஸ்பூன் போட்டுவையுங்கள். பொரியல் தாளிக்க இரண்டு டீஸ்பூன் போதும். தோசைக்கு நம் பாட்டிமார் செய்தபடி வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி, வெட்டிய பக்கத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்தால் சொட்டு எண்ணெயில் தோசை எழும்பி வரும்.

எந்த எண்ணெய் என்பது அடுத்த கேள்வி. நிறைவுற்ற கொழுப்பு அதிகமாக உள்ள எண்ணெயைத் தொடர்ந்து சாப்பிட்டால், ரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பைக் கல்லீரல் இழுத்துக்கொள்ளும் வேகம் குறைகிறது. அது ரத்தத்திலேயே தங்கிக் குழாய்ச் சுவரில் படிகிறது. கடலை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்குள், நல்லெண்ணெயில் அதைவிடக் கொஞ்சம் குறைவு, சூரியகாந்தியில் இன்னும் குறைவு. பாமாயிலில் ஏறக்குறைய பாதி. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு. கன்னியாகுமரியிலும் யாழ்ப்பாணத்திலும் தேங்காய் எண்ணெயில் வளர்ந்தவர்களுக்கு இது கசக்கும் என்று தெரியும். அந்த வாசனைதான் வேண்டும் என்றால், கடலை எண்ணெயில் சமைத்து இறக்கும்போது அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் மேலாக விடுங்கள். தேங்காய்ச் சட்னி தினமும் வேண்டாம். தக்காளி, புதினா, கொத்தமல்லி, பீர்க்கங்காய்த் தோல் என்று மாற்றி மாற்றி அரைக்கலாம்.

ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை விட்டுவிட்டு விலை கூடிய எண்ணெய்க்குப் போங்கள் என்று எல்லோரிடமும் சொல்ல எனக்கு மனம் வராது. அந்த ஒரு லிட்டரை வாங்குங்கள். கூடவே முடிந்த அளவு கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். மொத்த அளவைக் குறைத்தால் செலவும் சமனாகிவிடும். அதே ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பை மட்டும் ஒரு மாதமும் விடாதீர்கள். செக்கில் ஆட்டியது என்பதற்காக எண்ணெயின் அளவைக் கூட்டவும் கூடாது. கொழுப்பு அதிலும் அதே அளவுதான்.

வனஸ்பதி வேண்டவே வேண்டாம். அதில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொழுப்பைக் கூட்டி நல்லதைக் குறைக்கும். 2022 முதல் இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் இதற்கு 2 சதவீதம் வரம்பு இருக்கிறது. ஆனால் பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினாலும் அது கெடுகிறது. தீபாவளிப் பலகாரம் பொரித்த எண்ணெயில் மறுபடி எதையும் பொரிக்காதீர்கள். பஜ்ஜிக் கடையில் எண்ணெய் கறுத்து, நுரைத்து, சட்டியின் ஓரம் பிசினாக ஒட்டியிருந்தால் அங்கே நிற்காதீர்கள்.

நான்காம் படி: காயைத் தராசில் வைத்துப் பாருங்கள்

ஒரு நாளைக்கு ஒருவருக்கு 400 கிராம் காய்கனி தேவை. கிழங்கு இதில் சேராது, உருளைக்கிழங்குப் பொரியலைக் காயாகக் கணக்குப் பண்ண வேண்டாம். நம் வீடுகளில் கால் கிலோ பீன்ஸ் வாங்கி நான்கு பேருக்குப் பொரியல் வைக்கிறோம். ஆளுக்கு 60 கிராம். இலையின் ஓரத்தில் ஊறுகாய் மாதிரி விழுகிறது.

அதனால் மதியத்துக்கு அரைக் கிலோவுக்குக் குறையாமல் ஒரு பொரியல், பருப்பும் காயும் சேர்ந்த கூட்டு அல்லது கீரை மசியல் ஒன்று, சாம்பாரில் முருங்கைக்காயோ பூசணியோ தாராளமாக. இரவு இட்லிக்குச் சாம்பாரையே காய்க் குழம்பாக வையுங்கள். ஆளுக்கு ஒரு வாழைப்பழமோ கொய்யாவோ. கொய்யா கிடைக்கும் மாதங்களில் ஆப்பிளைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. கீரை, வாழைப்பழம், பயறு ஆகியவற்றில் பொட்டாசியம் அதிகம், அது உப்பின் வேலையை எதிர்த்து அழுத்தத்தை இறக்க உதவுகிறது. கரையும் நார்ச்சத்து குடலில் பித்த நீரைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதுப் பித்த நீர் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொழுப்பை எடுத்தாக வேண்டியிருக்கிறது. அவரையும் வெண்டைக்காயும் பயறும் இப்படித்தான் கொழுப்பைக் குறைக்கின்றன.

பழச்சாறு வேண்டாம், பழமாகவே சாப்பிடுங்கள்.

ஐந்தாம் படி: குக்கரில் ஒரு டம்ளர் குறையட்டும்

சோற்றை விடச் சொல்லவில்லை. அதே ஊட்டச்சத்து வழிகாட்டி தானியத்துக்கு ஒதுக்குவது ஒருவருக்கு நாளைக்கு 250 கிராம், இட்லி மாவில் போகும் அரிசியும் சேர்த்து. இப்போது மூன்று டம்ளர் அரிசி வைக்கிறீர்கள் என்றால் இரண்டாக்குங்கள். குறைந்த இடத்தில் பருப்பு, காய், சுண்டல் வரட்டும்.

பரிமாறும் வரிசையை மாற்றுவது இன்னும் எளிது. முதலில் பொரியலும் கூட்டும் தட்டில் பாதியை நிறைக்கட்டும். பிறகு சோறு. சாம்பாருக்கு ஒரு கரண்டி, ரசத்துக்கு அரை, மோருக்கு அரை. அப்பாவுக்கு நான் பெரிய தட்டை எடுத்துவிட்டுச் சின்னத் தட்டு வைத்தேன். ஒரு வாரம் முணுமுணுத்தார், பிறகு கேட்கவில்லை.

வாரத்தில் மூன்று நாள் இரவில் கேழ்வரகு, கம்பு, சாமை, வரகு என்று ஏதாவது ஒன்று. கம்பங்கூழ் மிக நல்லது, கூட வரும் மோர் மிளகாய்தான் கெடுக்கிறது. சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளுங்கள். மாலை நேரப் பசிக்கு அவித்த வேர்க்கடலை, கொண்டைக்கடலைச் சுண்டல், பாசிப்பயறு.

மீன், முட்டை, பால், இனிப்பு

மீன் சாப்பிடுபவர்கள் வாரம் இரண்டு முறை மத்தி, அயிலை வாங்குங்கள். விலை குறைந்த இந்த மீன்களில்தான் இதயத்துக்கு உதவும் ஒமேகா-3 நிறைய இருக்கிறது. குழம்பாக வையுங்கள், வறுக்க வேண்டாம். கோழியைத் தோலை நீக்கிச் சமையுங்கள். ஆட்டுக்கறி மாதத்தில் ஓரிரு ஞாயிறு போதும். முட்டை நாளைக்கு ஒன்று பெரும்பாலானவர்களுக்குப் பரவாயில்லை; சர்க்கரை நோயோ மிகுந்த கொழுப்போ இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள்.

பால் வாங்கும்போது உறையின் நிறத்தைப் பாருங்கள். ஆவின் நீல உறையில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. தயிருக்கும் காபிக்கும் நீலமே போதும்.

நாளைக்கு நான்கு தடவை டீயோ காபியோ குடித்து ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை போட்டால் 30 கிராமைத் தாண்டிவிடும். 25 கிராமுக்குள் இருப்பது நல்லது. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாமே இந்தக் கணக்கில் சர்க்கரைதான்.

வெளியில் சாப்பிடுபவர்களுக்கு

மெஸ்ஸில் உப்பும் எண்ணெயும் உங்கள் கையில் இல்லை, தேர்வு இருக்கிறது. காலையில் பூரி, பொங்கலுக்குப் பதில் இட்லி, இடியாப்பம். மதியம் சாப்பாட்டில் அப்பளமும் ஊறுகாயும் வைக்க வரும்போதே கையைக் காட்டிவிடுங்கள், பொரியலை இரண்டாம் முறை கேளுங்கள். இரவில் பரோட்டா, சால்னாவுக்குப் பதில் சப்பாத்தி, பருப்பு. அறையில் இரண்டு வெள்ளரிக்காய், நான்கு வாழைப்பழம், ஒரு பொட்டலம் வறுத்த உப்பில்லாத கடலை வைத்துக்கொண்டால் ராத்திரி பதினோரு மணிப் பசிக்குத் தள்ளுவண்டியைத் தேட வேண்டியிருக்காது. மதுவும் அழுத்தத்தை ஏற்றும். புகையிலை போட்ட வெற்றிலையும் சிகரெட்டும் இருக்கும்வரை நல்ல சாப்பாட்டின் பலன் முழுதாகக் கிடைக்காது.

இவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கீரை, பழம், இளநீர் ஆகியவற்றின் பொட்டாசியமே தீங்காகலாம். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ கூடாது, அளவு சீராக இருக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் சோற்றைக் குறைத்தால் மருந்தின் அளவையும் மருத்துவர் மாற்ற வேண்டிவரும். உணவை மாற்றிவிட்டோம் என்று அழுத்த மாத்திரையை நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர் மறுபடி படுக்கையில் விழுந்திருக்கிறார்கள். பூண்டுப் பால், கஷாயம் எதுவும் அந்த மாத்திரைக்கு ஈடாகாது.

ஒன்றை இங்கே சொல்லாமல் போக மாட்டேன். அப்பாவுக்கு வாய் கோணி, வலது கை தொங்கி, பேச்சுக் குழறியபோது ஓடிவந்த ஒருவர் வாயில் சோடா ஊற்றப் பார்த்தார். பக்கவாதத்தில் விழுங்கும் திறன் போயிருக்கலாம், ஊற்றுவது நுரையீரலுக்குள் போய்விடும். தண்ணீர், சோடா, மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதனால் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கழித்து

இதை எல்லாம் ஒரே மாதத்தில் செய்ய வேண்டாம். முதல் மாதம் உப்பு. இரண்டாம் மாதம் எண்ணெய். மூன்றாம் மாதம் காயும் சோறும். வீட்டில் நோயாளிக்கென்று தனிச் சமையல் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் அவருக்கு அது தண்டனையாகத் தெரியும், சமைப்பவருக்கு இரட்டை வேலையாகும். எல்லோருக்கும் ஒரே குழம்பு.

மூன்று மாத முடிவில் நாட்காட்டியில் குறித்த எண்களையும், தேதி எழுதிய காலி உப்பு உறைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். கொழுப்புப் பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அவர் அந்த எண்களைப் பார்த்துச் சொல்லட்டும். நாங்கள் போனபோது அம்மா இரண்டு உறைகளைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். மருத்துவர் தேதிகளைப் படித்துப் பார்த்தார், நாற்பத்தேழு நாள். "அடுத்தது ஐம்பது" என்றார் அம்மா.